முப்பத்தொன்றாம் தேதி

வலது கையுறையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிய பித்தளை நட்டை வெறும் விரலால் திருகுகிறாள் வெர்னா ஹாக்லண்ட். “குளிர்ல நட்டும் மனுஷன் மாதிரிதான். சொன்ன பேச்சு கேக்காது” என்கிறாள், கையுறையை விடாமலே. அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரப் பக்கத்து வீடுகளுக்கு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு மாட்டுவது அவள் தொழில். காப்பி கொடுத்தால் வாங்கி, விரல்களைச் சூடேற்றிக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் திருப்பித் தருவாள். வீட்டுக்காரர்களிடம் குரலை உயர்த்தமாட்டாள். மெஷினைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசுவாள்.

ஆனால் இன்று வீட்டுக்காரர் ஆர்விட் கெட்டுனனும் தப்பவில்லை.

“பணம்தான் அக்டோபர்லயே கட்டியாச்சேன்னு இருந்துட்டேன், வெர்னா.”

“நவம்பர் பூரா துப்பாக்கியத் தூக்கிட்டு மான் பின்னால சுத்துனீங்க. மான் கெடச்சுதா?”

“இல்ல.”

“நல்லா வேணும்.”

வரிச் சலுகைக்குப் பணம் கட்டிய தேதி செல்லாது, டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் மெஷின் ஓடியிருக்க வேண்டும் என்று வரிக் கணக்கு எழுதும் பெண் சொன்னதே கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான். இந்த ஆண்டோடு அந்தச் சலுகையும் முடிகிறது. வரியில் கழியப்போகும் இரண்டாயிரம் டாலரை நம்பித்தான் எழுபத்துநாலு வயதில் கடன் வாங்கியிருந்தார் ஆர்விட். இன்று முப்பத்தொன்று.

குழாய்க்குள் இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சியபின், மீட்டரில் எண் அரை மணி நேரம் ஏறாமல் நின்றால்தான் மெஷினில் அடைத்துவைத்திருக்கும் வாயுவை வெர்னா குழாய்க்குள் திறந்துவிடுவாள். அதில் அவளிடம் பேரமே கிடையாது. மூன்று மணிக்கு எண் நின்றது. ஆர்விட் மூச்சுவிடுவதற்குள் ஏறத் தொடங்கியது. எங்கோ கசிவு. “படுபாவி!” என்று மீட்டரைத் திட்டிவிட்டு, குழாயின் வாயை வெட்டி மறுபடி விரித்து மாட்டினாள். ஐந்து மணிக்கு மீண்டும் ஏறியது.

வெர்னாவின் போன் அடித்தது. பாலத்துக்கு அப்பால் மகள் வீட்டில் புத்தாண்டு விருந்து. “நீங்க சாப்பிடுங்க” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

ஆர்விட் உள்ளே போய், வரிச் சலுகைக்கு வெர்னா கையெழுத்திட வேண்டிய தாளும் பேனாவுமாக வந்தார். மெஷின் ஓடத் தொடங்கிய தேதி என்ற இடம் காலியாக இருந்தது.

“இன்னைய தேதியப் போட்டுக் கையெழுத்து வச்சிரு. விருந்துக்குப் போயிட்டு நாளைக்கு வந்து முடி. யாரு வந்து பாக்கப்போறா?” கேட்கும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“ஓடலையே, ஆர்விட்.”

“ரெண்டாயிரம், வெர்னா.”

அவள் தாளை வாங்கவில்லை. கால்சட்டைப் பையைத் துழாவி, தன் வண்டிச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். “மெஷின் ஓடுனப்புறம் குடுங்க, போறேன்.” பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு, கசிவைத் தேடிப் பனிக்குள் இறங்கினாள்.