ஆறாத எஞ்சின்

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கும் மெக்கானிக்கைத் தூரத்திலிருந்து பார்த்தால் சமையல்காரன் என்றுதான் நினைப்பார்கள்: அடுப்பு, சட்டி, கொதிக்கிற தண்ணீர், அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள். நகத்துக் கிரீஸ் போகாமல் இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில், பெங்களூர் ரோட்டோரம் நான் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தபோது, ஒரே ஒரு காரில் பட்ட பாடு இது.

சந்தைக்குப் போனவர்

சூளகிரிக்குப் பக்கத்தில் நின்றுபோன ஒரு ஜெர்மன் காரை லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெங்களூர் டாக்டர் ஒருவருடைய வண்டி. அவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி அதைச் சேலத்தில் ஒருவருக்குப் பேசி முடித்து, டிரைவர் முனிரத்தினத்திடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் வாங்கித் திருப்பிவிட்ட வண்டி.

அதில் கார்புரேட்டர் கிடையாது. ஒரு பம்ப் பெட்ரோலைப் பீச்சி அடிக்கும். எஞ்சின் சூடாகிவிட்டது என்று அந்தப் பம்புக்குச் சொல்வது விரல் நீளத்துக்கு ஒரு தெர்மோஸ்டாட். சூடு பட்டால் அதிலிருந்து ஊசி நீளும், பெட்ரோல் குறையும். நீளாவிட்டால் கரும்புகைதான். கழற்றிச் சட்டியில் போட்டேன். தண்ணீர் கொதித்தும் ஊசி அசையவில்லை. போய்விட்டது என்று எடுத்துச் சாக்கின்மேல் வைத்தேன். அது நன்றாக ஆறிச் சில்லிட்ட பிறகு, ஊசி மெல்ல வெளியே வந்தது. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க வந்த மாட்டு வியாபாரி ஒருவரும் அதைப் பார்த்தார்.

"செத்துப்போச்சுன்னு நான் இழுத்துப் போட்ட கன்னுக்குட்டி ஒண்ணு இப்படித்தாங்க கால நீட்டுச்சு."

கொட்டகைச் சாவி

மறுநாள் காலை வண்டியை நிறுத்தியிருந்த கொட்டகையைத் திறந்து பானெட்டைத் தூக்கி எஞ்சின்மேல் கை வைத்தேன். பசுவின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. கழற்றிய பேட்டரி என் மேஜையடியில் இருந்தது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரவு முழுக்கக் கொட்டகைச் சாவி வெல்டர் கரீம் பாயிடம் இருந்தது. அவர்தான் ஏதோ விளையாடுகிறார் என்று நான் நினைத்தேன். நான்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். அன்றிரவு சாவியை நான் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையும் எஞ்சின் அப்படியேதான் இருந்தது. அதன்பிறகு கரீம் பாய் அந்தக் கொட்டகைக்குள் தனியாகப் போகவே இல்லை.

மூன்றாம் நாளும் அதே சூடு. முனிரத்தினத்தைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் தொடவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பிரசவம், காய்ச்சல் என்று யாராவது கூப்பிட்டால் டாக்டரே ஓட்டிக்கொண்டு உடனே புறப்பட வேண்டும் என்பதற்காக, அவர் இருந்தவரை தினமும் விடியுமுன் முனிரத்தினம் எஞ்சினைச் சூடாக்கி வைப்பது வழக்கமாம்.

"அஞ்சு மணிக்கு வண்டி ரெடியா இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாருங்க. வேணாம்னு இன்னும் யாரும் சொல்லல."

முன் சீட்

டாக்டரின் மனைவிக்குத் தகவல் அனுப்பினேன். பஸ் பிடித்து வந்து இறங்கினார். நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, முன் சீட்டில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம் இருக்கும். காலி சீட்டைப் பார்த்து அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. கரீம் பாய் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிரவு அவர் கிருஷ்ணகிரியில் உறவினர் வீட்டில் தங்கினார். மறுநாள் காலை எஞ்சின் கிணற்றுக் கல் போலக் குளிர்ந்து கிடந்தது. அதே தெர்மோஸ்டாட்டைத் திரும்பவும் வெந்நீரில் போட்டேன். சூடு ஏற ஏற ஊசி ஒழுங்காக நீண்டது. பெட்ரோலில் கழுவியதைத் தவிர அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. மாட்டியதும் வண்டி புகையில்லாமல் ஓடியது. சேலத்துக்குப் புறப்பட அந்த அம்மா ஏறி உட்கார்ந்தபோது, அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"இனிமே உங்களக் கூப்பிட யாரும் வரமாட்டாங்க, தூங்குங்கன்னேன். அதச் சொல்ல எனக்குத்தான் நாலு மாசம் ஆயிடுச்சு."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: எந்த எஞ்சினானாலும், கை வைக்குமுன் ஒருமுறை கனைத்துவிட்டு வைப்பது மரியாதை.