இரண்டு மாவின் வாசம்

விடிவதற்குச் சற்று முன், ரப்பர் மலையில் பனி இறங்கியிருக்கும்போது, அரைத் தூக்கத்திலேயே ரொட்டிக்கு மாவு பிசைவது என் வழக்கம். கண் மூடியிருந்தாலும் எந்த மாவு என்று மூக்கு சொல்லிவிடும். தவிடு நீக்கிய வெள்ளைக் கோதுமை மாவுக்குப் பையில் இருக்கும்போது பெரிதாக வாசம் கிடையாது. தேங்காய்ப்பூ சேர்த்துக் கல்லில் போட்டதும்தான் பால் பொங்குவதுபோல ஓர் இனிப்பு எழும்பும். தவிட்டோடு அரைத்த ஆட்டா வேறு ரகம். பையைத் திறந்ததுமே ஈர வைக்கோல் நெடி. சூடேறினால் தோலோடு வறுத்த நிலக்கடலை. கடையில் அதிக நாள் கிடந்த பையென்றால் தவிட்டு எண்ணெய் காறிப்போய் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், வந்து, கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமலே நின்றது. கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்கில், வெள்ளை மாவைத் தொடக் கூடாது, அளவாக ஆட்டா ரொட்டி சாப்பிடலாம் என்றார்கள். சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வருமாம். விரல் போனால் அந்தச் சரிவில் மரம் மரமாக எப்படி ஏறி இறங்குவார்?

அன்றிலிருந்து ஆட்டாதான். மனுசன் ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் மருந்து விழுங்குவதுபோல விழுங்குவார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு காலையில் ஆட்டாவோடு ஒரு பிடி வெள்ளை மாவைக் கலந்தேன். அந்த இனிப்பு வாசம் எழும்பியதும் அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த மயக்கத்தில் ஒரு பிடி இரண்டாகி, பிறகு பாதிக்குப் பாதியானது. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

அடுத்த கிளினிக்கில் சீனி ஏறியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் மிஸ் கேட்டார்.

"ஆட்டா ரொட்டி விதரய், மிஸ்." ஆட்டா ரொட்டி மட்டும்தான் என்று சிங்களத்தில் சாதித்தார் என் வீட்டுக்காரர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரலுக்கு இன்னும் ஒரு மாதம் தவணை கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டேன்.

"நான் வெள்ள மாவு கலந்தேங்க."

"தெரியும். மொத நாளே கல்லுல போட்டப்ப வாசம் வந்துச்சே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவியே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பஸ்ஸை விட்டே தள்ளியிருப்பேன். அழுகையும் வந்தது. ஆளுக்கொரு பக்கமாக நின்று அந்த விரலை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மிச்ச வெள்ளை மாவைப் பக்கத்துக் காம்பிராவில், அடுத்த அறையில், குடியிருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். மறுநாள் காலை தனி ஆட்டா ரொட்டியை வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. அந்தப் பக்கம் அக்கா ரொட்டி சுட, வெள்ளை மாவு வாசம் சுவருக்கு மேலால் எங்கள் வீட்டுக்குள் இறங்கியது. ரொட்டியைப் பிட்ட அவர் கை நின்றது. அந்த ரொட்டியைக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாசத்தை இழுத்து இழுத்து, என் ஆட்டா ரொட்டி இரண்டையும் தின்று முடித்தார்.