சுவரில் எழுதாத எண்

சுண்ணாம்புச் சுவரில் அடுப்புக்கரியை அழுத்தி இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். கேட்டால் பல் கூசும். பங்குனி, சித்திரையில் எங்கள் ஊர் வாய்க்கால்கரைப் பிள்ளையார் கோயில் பக்கம் போனாலே அந்தச் சத்தம்தான். மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில், ஒருபுறம் நெல்வயலும் மறுபுறம் வாழையுமாக இருந்த சின்ன ஊர் அது. பரீட்சை எழுதப்போகிற பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வந்து, ஹால் டிக்கெட்டில் இருக்கும் எண்ணைப் பிள்ளையாரின் முதுகுப்புறச் சுவரில் கரியால் எழுதி, கீழே ஒரு விரல் மஞ்சள் தடவிவிட்டுப் போவார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சுவர்தான். "நம்பர் போட்டாச்சா?" என்பதுதான் அந்த மாதங்களில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் குசலம்.

என் அக்கா வசந்தி பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருடப் பரீட்சை எழுதியபோது எனக்குப் பத்து வயது. தன் எண்ணை எழுத வேண்டாம் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். "எனக்கு வெக்கமா இருக்கும்மா, மனசுக்குள்ள கும்பிட்டாப் போதாதா?" என்றாள். அம்மா விடவில்லை. "ஊருக்கு ஊரு வசந்தி இருக்கா. நம்பர் தெரியாம சாமி எந்த வசந்தின்னு தேடும்?" என்று கேட்டுவிட்டு, ஹால் டிக்கெட்டை மடியில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்துக் கோலப்புள்ளி வைக்கிற கவனத்தோடு வரைந்தாள். சுவரிலேயே பெரிய எழுத்து அதுதான்.

அக்கா அந்த ரிசல்ட்டை எதிர்பார்த்ததற்குக் காரணம் இருந்தது. சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தோம். "ரிசல்ட் வந்ததும் வந்து சேந்துக்கம்மா" என்றிருந்தார்கள். அதற்கென்றே இரண்டு நூல் சேலை வாங்கி, கஞ்சி போட்டு, மடித்து, பீரோவில் மேல்தட்டில் வைத்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்தால்தான் என்னை அதைத் தொட விடுவாள்.

இந்த இடத்தில் தவசி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவு மில் வைத்திருந்தவர், தங்கமான மனிதர். ரிசல்ட் வருகிற அன்று மில்லைப் பூட்டிவிட்டு, கோயில் சுவரில் இருக்கிற எண்களையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு, மொபெட்டில் சின்னமனூர் போய், பிரவுசிங் சென்டரில் தன் கைக்காசைக் கொடுத்து ஊருக்கே ரிசல்ட் பார்த்து வருவார். அப்போதெல்லாம் எண்ணைத் தட்டினால் போதும், பேரும் பாடம் பாடமாக மார்க்கும் வந்து நிற்கும்; தட்டுகிற ஆள் யார் என்று கேள்வி கிடையாது. மாமா வந்து இறங்கி டீக்கடையில் சொல்வார். அதை ஒரு ஒத்தாசையாகத்தான் செய்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அது ஆனி மாதம். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே சின்னமனூர் போனாள். பிரவுசிங் சென்டரில் கூட்டம்; திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியம்வரை நின்று பார்த்தோம். "இன்னிக்கு வராது போலம்மா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பஸ் ஏறிய பிறகு ரிசல்ட் வந்திருக்கிறது. வேறொரு சென்டரில் உட்கார்ந்திருந்த தவசி மாமா பார்த்துவிட்டார். எங்கள் பஸ் நின்று நின்று ஊர் வந்து சேர்வதற்குள் அவருடைய மொபெட் முந்திவிட்டது.

நிறுத்தத்தில் வடை போட்டுக்கொண்டிருந்த பாண்டியம்மா அத்தை, காசில்லாமல் ஒரு சீவல்கூடக் கொடுக்காதவர், என்னைக் கூப்பிட்டு ஒரு வடையைக் கையில் திணித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "விடு ஆத்தா. எலெக்ட்ரானிக்ஸ் பேப்பராம்ல? அதெல்லாம் ஆம்பளப் பயலுகளுக்கே வராது. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

"எது அத்தை?" என்று கேட்டாள் அக்கா. கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையை விட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடுவரை அந்தத் தெரு முழுக்க ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். யாராவது திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை. தன் ரிசல்ட்டை ஊரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவள் என் அக்கா.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் தானே போய்ச் சொன்னாள். "தெரியும்மா, உங்க ஊர்க்காரக சொன்னாக" என்று அனுப்பிவிட்டார்களாம். சேலைகள் மடித்தது மடித்தபடி இருந்தன. அம்மா ஈரத்துணியோடு கோயிலுக்குப் போய் அந்த எண்ணை அழிக்கப் பார்த்தாள். கரி கரைந்து பரவி, சுவரில் ஒரு பெரிய கறுப்புத் திட்டாக நின்றுவிட்டது. "ஊர் வாய மூட உலைமூடி இல்ல, விடு" என்றார் அப்பா.

ஊருக்கு வேறு வேலை இருந்தது. ஆனால் கரண்டு போகும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்துவிடும். "வசந்தி மட்டும் பாஸாகியிருந்தா கரண்டு நின்னிருக்குமா?" என்று யாராவது இருட்டில் சொல்ல, தெருவே சிரிக்கும். டிவி ரிப்பேரானாலும் அதே பேச்சுதான். வன்மமெல்லாம் கிடையாது, வாய்ப் பழக்கம். அக்கா உள்ளே போய்விடுவாள். அம்மா மட்டும் போகமாட்டாள். சொன்னவரின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவமானத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த ஐப்பசியில் தேனிக்குத் தையல் வகுப்புக்குப் போய்வரத் தொடங்கிய அக்கா, மறுவருடம் வைகாசியில் போடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

இப்போது நான் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது: ரிசல்ட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடலாமா, மாணவர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாமா, கருத்துச் சொல்லுங்கள் என்று. இதற்காக மூன்று கூட்டம் போட்டாகிவிட்டது. "மறைக்க என்ன இருக்கு? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் போலிச் சர்டிபிகேட் ஒழியும்" என்கிறார் ஒரு பேராசிரியர். "பெயிலானவன் என்ன களவாணியா, ஊரைக் கூட்டிச் சொல்ல?" என்கிறார் இன்னொருவர். "பீஸ் கட்டுற அப்பனுக்குத் தெரிய வேண்டாமா?" என்று மூன்றாமவர். எல்லாருடைய பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் அலுப்பாக இருக்கிறது. டீ வருகிறது, குடிக்கிறோம், அடுத்த வாரம் மறுபடியும் கூடுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போயிருந்தேன். ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிற அக்கா, அன்று விடுமுறையாதலால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூட்டத்தில் நடக்கும் வழக்கைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டு, "நீ என்னக்கா சொல்ற? உன்னைய மாதிரி பெயிலானவுக சொன்னாத்தான சரியா இருக்கும்" என்றேன்.

"நான் எங்க பெயிலு? அந்த ஐப்பசியிலயே அரியர் எழுதிட்டேனே. தை பொறக்குறதுக்கு முன்னாடி பாஸும் பண்ணிட்டேன்" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப தையலுக்குப் போனது?"

"தையலுந்தான் கத்துக்கிட்டேன். பரீட்சை அன்னிக்கு மட்டும் காலேஜுக்குப் போனேன். ரிசல்ட்டையும் தனியாத்தான் போயிப் பாத்தேன். பாத்துட்டு, பஸ் ஸ்டாண்டுல ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

"அம்மாவுக்குக்கூடத் தெரியாதா?"

"அம்மாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன் பாப்பா. சுவத்துல எழுதாத, நீயா ஊர்ல போயிச் சொல்லாத, யாராச்சும் கேட்டா மட்டும் சொல்லுன்னேன். சரின்னுச்சு. கேட்டாச் சொல்லலாம்னுதான் ரெண்டு பேருமே இருந்தோம். ஒருத்தரும் கேக்கல."

அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. கரண்டு போன இருட்டில், கேலி பேசியவரின் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டு நின்றது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. 'பெறகு அந்தப் புள்ள திருப்பி எழுதுச்சா?' என்று அந்த வாயிலிருந்தே ஒரு வார்த்தை வரும் என்று நின்றிருக்கிறாள். என் வாயிலிருந்தும் அது வரவில்லை. அக்கா ஒரு ஆய்ந்த கட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள். "இனி யார்கிட்ட வேணாலும் சொல்லு" என்றாள்.

சுற்றறிக்கையில் 'மாணவருக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றும் தெரியும்.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். பிள்ளையார் கோயில் முதுகுப்புறச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கரி ஒட்டாது, மஞ்சளும் ஒட்டாது. ரிசல்ட் அவரவர் போனுக்கு வந்துவிடுகிறது. மாவு மில் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் தவசி மாமா உட்கார்ந்திருந்தார், நன்றாகத் தளர்ந்துவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இத்தனை வருடம் அம்மா வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்: "மாமா, எங்க வசந்தி அக்கா அந்த வருசமே திருப்பி எழுதிப் பாஸ் பண்ணிருச்சு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வசந்தியா? அது நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே ஆத்தா," என்றார். "அது என்னிக்குப் பெயிலாச்சு?"