பெரட்டுக் களத்துச் சுவரில் கிடைத்த பதில்

பிரியமான சகோதர சகோதரிகளே, போன ஜூலை மழையில் நான் என் மகளை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தேன். அவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. கொழும்பில் கணவர் வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள். மஸ்கெலியாவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான எங்கள் லயத்தில், அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த கூலியில்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

பள்ளியில் உயர்தரம் வரை படித்த நான் வேலை தேடாத இடமில்லை. ஞாயிறு பத்திரிகை, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்கள், ஹட்டன் கடைகள். எங்கிருந்தும் பதில் இல்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு தரகர் மட்டும் அழைத்தார்.

"திங்கக்கெழம வேன் வருது தங்கச்சி. யோசிச்சா சீட்டு போயிரும்."

சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து மகள் என்னைத் தேடி அழுவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். "ஆண்டவரே, நான் தேடாத இடம் எது? நீரே காட்டும்" என்று கதறினேன்.

சனிக்கிழமை காலை அம்மா படங்கை மறந்துவிட்டுப் போனார். மழையில் இடுப்பில் அந்தத் தார்ப்பாயைக் கட்டாமல் கொழுந்து பறிக்க முடியாது. எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நான் அதுவரை கால் வைத்ததே இல்லை. படிக்கிற பெண் அங்கே நிற்கக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள்.

"என்ன டீச்சரம்மா, கூடையக் காணோம்?" என்றார் கணக்கப்பிள்ளை. பெண்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் முகத்தைத் திருப்பினேன். சுவரில் ஓர் அறிவித்தல். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்கு, உயர்தரம் படித்த பெண் தேவை.

"இது எப்ப ஒட்டுனீங்க?"

"ரொம்ப நாளா தொங்குதும்மா. படிச்ச புள்ளைக யாரு இந்தப் பக்கம் வர்றீங்க?"

அன்றே விண்ணப்பித்தேன். தரகரிடம் வரவில்லை என்றேன். அவசரப்பட்டுவிட்டேனோ என்று நடுங்கினேன். அடுத்த வாரம் வேலை கிடைத்தது. மகளும் என்னோடுதான் வருகிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

ஆனால் அந்த வேன் வெறுமையாகப் போகவில்லை. எனக்கு வைத்த இடத்தில் கீழ் லயத்து நிரோஷா போனாள். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. சில வாரங்களாக அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. அவளும் ஜெபித்திருப்பாள் அல்லவா? அதை நினைத்தால் நன்றி சொல்லும் நாவு தடுமாறுகிறது.

இப்போது பெரட்டுக் களத்தில், தபாற் கந்தோரில், பிரதேச சபையில் ஒட்டும் அறிவித்தல்களைப் படம் பிடித்து, ஆராதனை முடிந்ததும் வாசிக்கிறேன். வேலை தேடும் பிள்ளைகளே, வேனில் ஏறுமுன் ஒருமுறை என்னிடம் வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம், சேர்ந்தே தேடுவோம். நிரோஷாவையும் ஜெபத்தில் நினையுங்கள். அவள் வீடு திரும்பும்வரை என் சாட்சி பாதிதான்.