தங்கை பார்த்த சாட்டிலைட்

தங்கையின் காரியத்துக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் கும்பிடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எவன் தயவும் இல்லாமல் மூட்டை தூக்கித் தூக்கியே கூட்டேரிப்பட்டில் இரண்டு நெல் ஆலைக்கு முதலாளியானவன். ஆனாலும் தங்கையைப் பற்றி வேறு ஆளை வைத்து எழுத மனம் வரவில்லை.

தங்கை பிரம்மதேசத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டார். கொல்லையில் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து மகளைப் படிக்க வைத்தார். அந்த மகள்தான் சாட்டிலைட் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று சிமிட்டாமல், சத்தமில்லாமல் வானத்தைக் கடக்கும். வருகிற நேரத்தைப் போன் காட்டும். தங்கை ஒன்றையும் விட மாட்டார்.

போனோடு மாடிக்குப் போகிறவள் எவனுக்கோ சாடை காட்டுகிறாள் என்று தங்கையின் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, முடிவு கட்டினார். உலக்கையால் அடித்ததில் தங்கையின் மணிக்கட்டு முறிந்தது. மகள் அழுதுகொண்டு சொன்னதும் நெல் லாரியிலேயே போய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இறங்கினேன்.

கதவை உதைத்துத் திறந்தேன். முதல் அடியிலேயே மாப்பிள்ளையின் பல் தெறித்தது. இந்த வயதிலும் என் கை அப்படி. படி முழுக்க இழுத்துப்போய் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் மல்லாத்தினேன். பாதி உடம்பு தெருப்பக்கம் தொங்கியது.

“எவனுக்குடா சாடை காட்டினா? சொல்லு, இல்லன்னா தள்ளிடுவேன்.”

“வுட்டுடுங்க மச்சான்.”

தங்கை முறிந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு மேலே வந்தார். “அண்ணா, வுடு. கழுத்தைப் பிடிச்சிக்கினு இருந்தா அவரு எப்படிப் பதில் சொல்வாரு?”

“இவன் பதிலு எவனுக்கு வேணும்?”

“நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?”

என் பிடி தளரவில்லை. அப்போது வானத்தைப் பார்த்துக் கிடந்த மாப்பிள்ளைதான் ரத்த வாயோடு சொன்னார்: “மச்சான், அதோ ஒண்ணு போவுது.”

நிமிர்ந்தேன். போய்க்கொண்டிருந்தது. நடுவானத்தில் அது அணைகிற வரைக்கும் மூவரும் பார்த்தோம். பிறகு மாப்பிள்ளையை உள்பக்கம் இழுத்துப் போட்டேன்.

“பார்த்துட்டீங்களா?” என்று தங்கை அவரைக் கேட்டார். “போதும். இனிமே இந்த மாடி எனக்கு வேணாம்.” இறங்கிப்போய் லாரியில் ஏறிக்கொண்டார்.

அதன்பின் என் ஆலை மாடிதான் தங்கைக்கு. நோய் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்த ஆலைப் பிள்ளைகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும் நான் கடமைப்பட்டவன். அங்கேதான் தங்கை, “அந்தாளை இனிமே தொடாதே அண்ணா” என்று சத்தியம் வாங்கினார்.

சாப்பிட்டதும் யாரும் கிளம்ப வேண்டாம். விளக்கு வைத்ததும் ஒன்று வருகிறதாம், மகள் போனில் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் மாடிக்கு வாருங்கள். மாப்பிள்ளையும் வரலாம். சத்தியம் சத்தியம்தான். ஆனாலும் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளியே நிற்கட்டும்.