களா

மஞ்சள் வரி ஒன்று திரையில் வந்துவிட்டால் மெஹ்னாஸ் நாக்கைத் தட்டுவாள். "தோ, இன்னொரு களா." பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் திரையிடமே.

ராயபுரத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடி அவளுடைய அலுவலகம். வாயுக்கசிவைக் கண்டு மணியடிக்கும் பெட்டிகளுக்கு இங்கேதான் மென்பொருள் எழுதுகிறார்கள். யார் எதைத் திருத்தினாலும் சோதனைகள் தாமாகவே ஓடும். தேறியது பச்சை, தவறியது சிவப்பு. கணினியில் வேண்டிய பொருள் இல்லையென்றால் அந்தச் சோதனையை ஓட்டாமலே தாண்டிப்போகும், அது மஞ்சள். சென்சார் செருகியிருந்தால்தான் வாயுச் சோதனை. இல்லையா, மஞ்சள். சிவப்பு வராதவரை கடைசி வரி 'எல்லாம் சரி' என்று பச்சையில் முடியும்.

"நோன்புல சொகமில்லாதவங்க, பயணத்துல கீறவங்க வுட்டுடலாம்," என்பாள் புதிதாக வருபவர்களிடம். "ஆனா வுட்டத அப்பால புடிச்சே ஆவணும். அதான் களா. வுட்டது எப்டி புடிச்சதாவும்?"

மேலாளர் ஜெனிஷ் சிரிப்பான். "சென்சாருக்கு நோன்புக் கஞ்சி ஊத்தவா, மெஹ்னாஸ்?" அவளும் சிரித்துவிடுவாள்.

அவளுடைய தோள்பையில் எப்போதும் ஒரு குப்பி அமோனியாக் கரைசல் இருக்கும். பஞ்சில் நனைத்துச் சென்சார் முன் அவளேதான் பிடிப்பாள். "ஊதுபத்தி காட்றேன், தள்ளிக்கோங்க." கண்ணில் நீர் கொட்டும். மணி அலறும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பார்த்து நாளாகிறது. எண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு பெட்டி பழுதாகி, அலுவலகத்திலிருந்த ஒரே சென்சாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். புதியது வரவில்லை. அன்றிலிருந்து வாயுச் சோதனை அத்தனையும் மஞ்சள்.

இந்த நிலையில்தான் புதிய மென்பொருள் எல்லாத் தெருப்பெட்டிகளுக்கும் போக வேண்டிய நாள் வந்தது. திருவொற்றியூரில் அவள் தெருமுனைக் கம்பத்திலும் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு விடியலில் அமோனியா வாடை வந்து, அவளுடைய அம்மா காத்தூன் பீவிக்கு இரைப்பு நிற்காமல் போன பிறகு மாட்டியது. அதை நம்பித்தான் அம்மா மறுபடி ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாள்.

"சென்சார் வர்ற வரிக்கும் தள்ளிப்போடுங்கண்ணா," என்றாள் ஜெனிஷிடம்.

"செவப்பு ஒண்ணு காட்டு, தள்ளிப்போடறேன்."

"செவப்பு எப்டிண்ணா வரும்? அது ஓடவேல்லியே."

"அப்ப தப்பும் இல்லன்னுதான அர்த்தம்? பேஜாரு பண்ணாத, வேற வேலயப் பாரு."

'சென்சார் இல்லையென்றால் விடு' என்று சொல்லும் அந்த ஒரு நிபந்தனையை மெஹ்னாஸ் அழித்தாள். திரை முழுக்கச் சிவந்தது. சாப்பிட்டு வந்த ஜெனிஷ், ஏப்பத்தோடு உட்கார்ந்து அதைத் திரும்ப எழுதினான். பச்சை. மென்பொருள் தெருப்பெட்டிகளுக்குப் போய்விட்டது.

மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. கம்பத்தடியில் இட்லி விற்கும் புஷ்பவல்லியிடம், அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலையே கேட்டாள்.

"இன்னாத்துக்குடி? வூட்ல பல்பு பூட்ச்சா?"

"களா ஒண்ணு பாக்கி கீதுக்கா."

"இத்த போட்டுக்கினா நோன்பு புடிக்கப் போற?"

ஏறினாள். புஷ்பவல்லி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். குப்பியைத் திறந்ததும் இட்லிக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தார்கள். "யம்மாடி, கலீஜு நாத்தம்!" பெட்டியில் பச்சை விளக்கு. அதன் வாயருகே நனைந்த பஞ்சைப் பிடித்தாள்.

"இன்னாடி, இந்நேரம் மணி அடிக்கணும்ல?" புஷ்பவல்லி முந்தானைக்குள்ளிருந்து இருமினாள்.

பச்சை மாறவில்லை. தெருக்கோடியில் அம்மாவின் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மெஹ்னாஸின் கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. குப்பியில் மிச்சமிருந்ததையும் பஞ்சில் கவிழ்த்து, நுனிக்காலில் எக்கி, கையை இன்னும் மேலே நீட்டினாள்.