பள்ளத்து மனை

நேற்றைய மழைக்குக் குளியலறைத் துளை வழியாகப் பாசியும் கோரையும் அழுகிய வாசம் ஏறி வந்தது. சின்ன வயதில் முட்டிவரை புதைந்து நடந்த சேற்றின் வாசம்.

ஒரகடத்தில் இப்போது கம்பெனிகள் நிற்கிற இரண்டு மேட்டுக்கும் நடுவே அப்போது வெறும் பள்ளம்தான். மேற்கே இருக்கிற ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து, கடைசியில் அங்கேதான் வந்து இறங்கும், தவளைச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது, தண்ணீர் வடிந்த பிறகுதான் நடவு. சுடுகாடுகூட மேட்டில்தான்.

"ஏம்ப்பா, இம்மாம் எடம் சும்மா கீதே, இங்கயே பொதைச்சா இன்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அப்பா சிரித்தார். "பொதைச்சா, நமக்கு முன்னாடி பொணம் வூட்டுக்கு வந்துரும்டி."

மண் கொட்டிச் சமன் செய்திருந்ததால், மனை வாங்கும்போது எனக்கு இடம் பிடிபடவில்லை. அதே பள்ளம்தான் என்று இந்த வாசம்தான் காட்டிக்கொடுத்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பட்டா கீதில்ல? சும்மா மோந்துகினு பயப்படாத," என்றுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. அரிசி, அடுப்பு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டேன். பக்கவாதத்தில் படுத்திருக்கிற மாமியாரை நான் ஒருத்தி எங்கே ஏற்றுவேன்?